ஊதா நிற ஹாரன்

வணக்கம் சார்,

மிச்சிகனில் உங்கள் நண்பர் வைத்திருக்கும் ஏழு மஸில் கார்களைப் பற்றி, அதாவது பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்கக் கார்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெட்ரோலை இப்படிக் குடிக்கிற வண்டிகளை ஷெட்டில் வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பது பணக்காரர்களின் பொழுதுபோக்குதானே? அதிலும் ஒரு வண்டிக்கு வெளுத்த பெயின்ட்டை மாற்றாமலே விட்டிருக்கிறார் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். அது எனக்குப் புரியவே இல்லை.

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

பெட்ரோல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பணக்காரர் என்கிறீர்களே, அவர் தொழிற்சாலையில் அச்சு (டை) செய்யும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்த வண்டிகளை யாரும் சீந்தாத காலத்தில் ஒவ்வொன்றாக வாங்கியிருக்கிறார்.

வண்டிகளும் பணக்காரர்களுக்காகப் பிறந்தவை அல்ல. நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு விதி இருந்தது. ஜான் டெலோரியனும் அதே கம்பெனியின் போன்டியாக் பிரிவிலிருந்த மற்ற எஞ்சினியர்களும் 1964இல் டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவு காருக்குள் 389 கன அங்குல எஞ்சினை வைத்து, தனி மாடல் என்று காட்டினால் மேலிடத்து அனுமதி வேண்டும் என்பதால், கூடுதல் காசுக்குக் கிடைக்கும் ஒரு ஆப்ஷன் என்று எழுதி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஜிடிஓ என்ற மஸில் கார் பிறந்த கதை அது. முதல் வருஷமே 32,000க்கு மேல் விற்றது, வாங்கியதில் நிறையப் பேர் சம்பளக்கார இளைஞர்கள்.

சரி, வெளுத்த பெயின்ட்டுக்கு வருகிறேன். அது கிரைஸ்லர் கம்பெனியின் 1969 பிளைமவுத் ரோட் ரன்னர், 383 கன அங்குல எஞ்சின். கார்ட்டூன் பறவையின் பெயரைப் பயன்படுத்த வார்னர் பிரதர்ஸுக்கு 50,000 டாலர் கொடுத்து, மற்றபடி தரையில் கார்பெட்கூட இல்லாமல் சிக்கனமாகச் செய்து, 3,000 டாலருக்குள் விற்கத் தொடங்கிய வண்டி. சாவியைத் திருப்பினால் முதலில் கீச்சென்று ஒரு சத்தம் வரும், அந்தக் கால கிரைஸ்லர் ஸ்டார்டருக்குள் இருக்கும் பல்சக்கரங்களின் சத்தம், அதற்கப்புறம்தான் எஞ்சின் உறுமத் தொடங்கும். பானட்டைத் திறந்தால் ஊதா நிறத்தில் ஒரு ஹாரன், அதன் மேல் 'ரோட் ரன்னரின் குரல்' என்று ஆங்கிலத்தில் ஒரு ஸ்டிக்கர். அமுக்கினால் அந்தக் கார்ட்டூன் பறவை மாதிரியே 'பீப் பீப்' என்கிறது. நானே அமுக்கிப் பார்த்தேன்.

பின் சீட்டைத் தூக்கியபோது ஸ்பிரிங்குகளுக்கு நடுவே பழுப்பேறிய ஒரு தாள் கிடைத்ததாம். எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், என்ன நிறம் என்று தொழிலாளர்கள் பார்த்துப் பொருத்துவதற்காக வண்டியோடு வந்த தாள், வேலை முடிந்ததும் யாரோ அங்கேயே செருகிவிட்டிருக்கிறார். ஒரு மூலையை எலி தின்றிருந்தது, ஆனால் நிறத்துக்கான குறியீடு தெளிவாக இருந்தது. சாதாரண வண்டிக்கு ஹெமி என்ற சக்திவாய்ந்த கிரைஸ்லர் எஞ்சினை மாட்டி, தொழிற்சாலையிலிருந்தே ஹெமியோடு வந்த வண்டி என்று விற்பவர்கள் இருக்கும் தொழிலில், எஞ்சின் பிளாக்கில் குத்திய எண்ணும் இந்த மாதிரித் தாளும்தான் சாட்சி. பெயின்ட்டும் அப்படித்தான். டிக்கியின் உள்பக்கம் அன்றைக்கு அவசரமாக ஸ்பிரே அடித்ததில் வழிந்து காய்ந்த ஒரு சொட்டு இருக்கிறது, 1969இல் ஒரு தொழிலாளியின் கையிலிருந்து வந்தது. புதுசாக அடித்தால் அது போய்விடும், திரும்ப வராது. நானாக இருந்தாலும் தொடமாட்டேன்.

பூட்டியும் வைப்பதில்லை. ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் அவென்யூவில் 1995இலிருந்து நடக்கும் கார் பவனிக்கு வருஷம் ஒன்றை எடுத்துப் போகிறார். போன ஆகஸ்டில் ரோட் ரன்னரின் முறை, நான் பக்கத்து சீட்டில். ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் எழுந்து நின்று, ஹாரன் அடிக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். அடித்தோம்.