அக்கா போட்ட மனு – வாசகர் கடிதம்

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மண்டபம் பக்கம். அக்கா அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார், அந்நாட்டு சிட்டிசன். நாங்களும் அங்கே குடியேற 2011-ல் எங்களுக்கு மனு போட்டார், இன்னும் கூப்பிடவில்லை. ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட் மூன்று லட்சம் கொடுத்தால் சீக்கிரம் முடித்துத் தருகிறேன், பேங்கில் பணமும் காட்ட வேண்டும் என்கிறார். வீட்டை விற்கலாம் என்கிறார் கணவர். படகு எஞ்சின் பழுது, போகத்தானே போகிறோம் என்று மாற்றாமல் கிடக்கிறது. பத்தாவது படிக்கும் மகளுக்கு நர்சிங் ஆசை, அங்கே போய்ப் படிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்?

ப.

அன்புள்ள ப.,

வீட்டை விற்காதீர்கள். ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

உடன்பிறந்தோருக்கான எஃப்4 பிரிவில் உலகம் முழுவதற்கும் சேர்த்தே ஆண்டுக்கு 65,000 விசாதான், அதோடு ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பு வேறு இருப்பதால் இந்தியர்கள் வரிசை மிக நீளம். 2025-ல் இந்தியர்களுக்கு 2006-ல் போட்ட மனுக்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மனு போட்ட தேதிதான் வரிசையில் உங்கள் இடம், அதை யாராலும் முன்னே நகர்த்த முடியாது. எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்பதை அமெரிக்க வெளியுறவுத் துறை மாதாமாதம் விசா புல்லட்டினில் இலவசமாகவே போடுகிறது. முறை வரும்போது தலைக்கு 325 டாலர் விசா கட்டணம், அதை ஆன்லைனில் நீங்களே நேராகக் கட்டலாம். பேங்க் பணமும் வீண் பேச்சு. அங்கே முக்கியமாகப் பார்ப்பது ஸ்பான்சர் செய்யும் அக்காவின் வருமானத்தை, அது அமெரிக்க அரசு வறுமைக் கோட்டுக்கு வைத்திருக்கும் அளவில் 125 சதவீதமாவது இருக்க வேண்டும்.

எனக்குக் கவலையெல்லாம் உங்கள் மகளைப் பற்றித்தான். 21 வயதுக்குள், கல்யாணம் ஆகாமல் இருந்தால்தான் அவள் உங்களோடு வர முடியும். உங்கள் முறை வரும்போது அவள் 21-ஐத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் 2002-ல் வந்த ஒரு சட்டப்படி, மனு போட்ட நாளிலிருந்து அதற்கு ஒப்புதல் கிடைத்த நாள் வரை எவ்வளவு காலம் ஆனதோ அதை வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஒப்புதல் 2016-ல் வந்தது என்று வையுங்கள், ஐந்து வருடம் கழியும்; முறை வரும் அன்று 24 என்றால் கணக்கில் 19 தான். 2012-லேயே வந்திருந்தால் 23, அவள் இங்கேயே நின்றுவிடுவாள். முறை வந்த ஒரு வருடத்துக்குள் அவளுக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும், அதையும் தவறவிடக்கூடாது.

எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத ஒரு கணக்கை நம்பி அவள் படிப்பை நிறுத்தி வைப்பது பெரிய அநியாயம். அவள் நர்சிங் இங்கேயே படிக்கட்டும், பதினொன்றாம் வகுப்பில் அதற்கேற்ற குரூப்பில் சேருங்கள். எஞ்சினையும் மாற்றச் சொல்லுங்கள், இன்னும் எத்தனையோ வருடம் அந்தப் படகில்தான் சாப்பாடு.

காத்திருக்கும் காலத்தில் பேப்பர்களைச் சரி செய்யுங்கள். நம் கடற்கரையில் வீட்டிலேயே மருத்துவச்சி பார்த்துப் பிறந்தவர்கள் நிறைய, பிறப்புப் பதிவே இருக்காது. கணவரும் அப்படியென்றால் பதிவு இல்லை என்ற சான்றும், பள்ளி டி.சி.யும், பிறந்ததை அறிந்த பெரியவர்களின் அஃபிடவிட்டும் வேண்டும். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி என்றால் அதையும் இப்போதே திருத்துங்கள்.

அக்காவிடம் ஐ-797 என்ற ஒப்புதல் கடிதம் இருக்கும். அதை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மனு போட்ட தேதியும் ஒப்புதல் தேதியும் இருக்கும். அந்த இரண்டையும் மகளின் பிறந்த தேதியையும் எனக்கு எழுதுங்கள், எத்தனை வருடம் கழியும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.