சூப்பர் மார்க்கெட் வேலைக்கான இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள்? உங்கள் அனுபவம் என்ன?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகள் இரண்டுக்கு நான் இண்டர்வியூ போயிருக்கிறேன். முதல் கடையில் தேறவில்லை. "இந்த வேலைக்கே தேறவில்லையா?" என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள்.

நீங்கள் படிப்பை முடித்துவிட்டு, வேறு நல்ல வேலை கிடைக்கும்வரை என்று விண்ணப்பித்திருப்பீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் போனேன். வாடிக்கையாளர் சேவை என்றால் என்ன என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்துவைத்திருந்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். மேலாளர் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே பொருளில் இரண்டு டப்பாக்களை என் பக்கம் நகர்த்தி, "இதை ரேக்கில் எப்படி அடுக்குவீர்கள்?" என்றார். பளபளவென்று இருந்ததை முன்னால் வைத்தேன். தேதியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எதன் காலாவதித் தேதி சீக்கிரம் வருகிறதோ அதுதான் முன்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பின்னாலேயே கிடந்து தேதி முடிந்து குப்பைக்குப் போகும், நஷ்டம் கடைக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டு "தகவல் சொல்கிறோம்" என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

இரண்டாவது முறை போவதற்கு முன், பில்லிங்கில் இருந்த ஒரு நண்பனிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அது உதவியது. பார்கோடு ஸ்கேன் ஆகவில்லை, பின்னால் வரிசை நிற்கிறது, என்ன செய்வீர்கள் என்றார்கள். கோடுகளுக்குக் கீழே இருக்கும் எண்ணைத் தட்டுவேன் என்றேன். பெரும்பாலும் 13 இலக்கம் இருக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது, ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டினாலும் கணக்கு ஒத்துவராது. அதுவும் எடுக்கவில்லையென்றால் சூப்பர்வைசரைக் கூப்பிடுவேன், விலையை நானாகப் போட மாட்டேன் என்றேன். இரவு கல்லாவில் பணம் குறைந்தால்? கைக்காசைப் போட்டு டேலி செய்ய மாட்டேன், அப்போதே சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை வருவீர்களா? காலையில் முடியாது, மாலையிலிருந்து கடை மூடும்வரை இருப்பேன். இந்தப் பதிலால் வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன், போகவில்லை.

எல்லாக் கடையிலும் இதையே கேட்பார்கள் என்று நான் சொல்லவில்லை. மேலாளர் பதவிக்குப் போகிறவர்கள் வந்து "எங்களிடம் இதெல்லாம் கேட்கவில்லையே" என்று சண்டை பிடிக்க வேண்டாம். நான் சொல்வது கவுண்டர், ரேக் வேலைக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டு மதியம் ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அதுவரை சரக்கு இறக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். முகம் எப்போதும் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று உள்ளே மூன்று முறை சொன்னார்கள். கடைசியில், "நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?" என்றார்கள். பில் போடும் இடத்தில் உட்கார நாற்காலி இருக்குமா என்று கேட்டேன். நான் நகைச்சுவை செய்வதாக நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். நான்கு வருடம் அங்கே பில் போட்டேன், நின்றுகொண்டே.