ரெட் வெல்வெட் கேக் நன்றாகப் போகிறது. நகையை வைத்துக் கடை போடலாமா?

கேள்வி: வீட்டிலேயே ரெட் வெல்வெட் கேக் செய்து விற்கிறேன். கிலோ 900 ரூபாய். பொருள் செலவு 480, அதில் க்ரீம் சீஸுக்கே 200. மாதம் பன்னிரண்டு கேக் வரை ஆர்டர் வருகிறது. எல்லோரும் பாராட்டுகிறார்கள், ஆனால் மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை. நகையை அடகு வைத்து 3 லட்சம் வாங்கி, மேடவாக்கத்தில் 15,000 வாடகையில் சின்னக் கடை போடலாமா?
– மடிப்பாக்கம் வாசகி

பதில்: இப்போது வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

900-இல் 480 போனால் 420 லாபம் என்று நினைக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய கணக்கில் பெட்டி, கேக்கின் அடியில் வைக்கும் போர்டு, கரண்ட், டெலிவரி எதுவுமே இல்லை. பெட்டிக்கும் போர்டுக்கும் 40, கரண்டுக்கு 30, டெலிவரிக்கு 120 என்று வையுங்கள். மிச்சம் 230 ரூபாய். ஒரு கேக்குக்குச் சாமான் எடுத்து வைப்பதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை நான்கு மணி நேரம் என்றால், உங்கள் கூலி மணிக்கு 60 ரூபாய்கூட இல்லை. கையில் காசு நிற்காததற்கு இதுதான் காரணம்.

இதே கணக்கோடு கடைக்குப் போனால் என்ன ஆகும்? நகைக் கடனுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்றாலே மாதம் 2,500. வாடகையோடு 17,500. அதை மட்டும் ஈடுகட்டவே மாதம் 77 கேக் விற்க வேண்டும். இப்போது விற்பது பன்னிரண்டு. அட்வான்ஸ், ஆள் சம்பளம், கடைக்கான கரண்ட் கட்டணம் இதில் சேரவில்லை.

அதனால் முதலில் விலையைச் சரிசெய்யுங்கள். உங்கள் 480-இல் 200 ரூபாய் க்ரீம் சீஸுக்கே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த கேக்கில் கோகோ கொஞ்சம்தான். மோர், வினிகர், சோடா எல்லாம் சில்லறைச் செலவு. பணத்தைத் தின்பது மேலே பூசுகிற க்ரீம். க்ரீம் சீஸ் கேக்கை 1,200 ரூபாய்க்குக் கீழே தராதீர்கள். விலை இடிக்கிறது என்பவர்களுக்கு, பாலில் மைதாவைக் கஞ்சி போலக் காய்ச்சி, நன்றாக ஆறவிட்டு, வெண்ணெய் சர்க்கரையோடு அடிக்கும் பழைய முறை ஃப்ராஸ்டிங்கைச் செய்து கொடுங்கள். ரெட் வெல்வெட்டுக்கு ஆதியில் பூசியதே அதுதான், தரக்குறைவு இல்லை. எந்தக் க்ரீம் என்பதை மட்டும் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

டெலிவரியை கேக் விலையில் சேர்க்காமல் தனியாக வாங்குங்கள். மே மாத மதியத்தில் மடிப்பாக்கத்திலிருந்து அண்ணா நகருக்கு டூவீலரில் போகும் கேக், போய்ச் சேரும்போது ஒரு பக்கம் சரிந்திருக்கும். பணத்தைத் திருப்பித் தருவது நீங்கள்தான். வெயில் காலத்தில் தூரத்து ஆர்டரைக் காலையிலோ சாயங்காலமோ மட்டும் எடுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வராமல் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள், சொந்தக்காரர்களாக இருந்தாலும் சரி.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். ரோடமைன்-பி என்ற துணிச் சாயம் கலந்திருப்பது தெரிந்து 2024-இல் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனையே தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். சிவப்பு நிறத்தை நம்பி ஓடும் தொழில் உங்களுடையது. லேபிளும் பில்லும் இல்லாத கலரை வாங்கவே வாங்காதீர்கள்.

கேக் பணத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, வரவு செலவு எல்லாம் அதிலேயே நடக்கட்டும். புது விலையில் ஆறு மாதம் விடாமல் மாதம் நாற்பது கேக் போனால், அந்த ஸ்டேட்மென்ட்டோடு கடை பற்றி மறுபடி எழுதுங்கள். அதற்குள் பெரிய அவனோ ஃபிரிட்ஜோ தேவைப்பட்டால், மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. நீங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளையிலேயே கேளுங்கள்.