ரத்தம் ஏற்றும்போது நிமிடத்துக்கு எத்தனை சொட்டு?

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு மாணவி. 300 மி.லி. பேக்டு செல் ரத்தத்தை (பிளாஸ்மாவைப் பெரும்பாலும் நீக்கிய சிவப்பணுக்கள்) 3 மணி நேரத்தில் ஏற்றும்படி டாக்டர் எழுதியிருக்கிறார். என் பாடக் குறிப்பில் 1 மி.லி.க்கு 15 சொட்டு என்று இருக்கிறது. வார்டில் உள்ள பி.டி. செட்டின் (ரத்தம் ஏற்றும் குழாய்த் தொகுதி) உறையில் 20 என்று அச்சிட்டிருக்கிறது. எதை எடுத்துக்கொள்வது? முதல் 15 நிமிடம் மெதுவாக விடுவதையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா?

பதில்: உறையில் உள்ள எண்ணைத்தான் எடுக்க வேண்டும். சொட்டின் பருமன் செட்டைப் பொறுத்தது. பாடக் குறிப்பில் இருப்பது ஓர் உதாரணம் மட்டுமே.

சூத்திரம் உங்களுக்குத் தெரிந்ததே: மி.லி. அளவை, 1 மி.லி.க்கான சொட்டு எண்ணால் பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். 300 × 20 ÷ 180 என்றால் நிமிடத்துக்கு 33 சொட்டு. 15 என்று வைத்தால் 25 சொட்டுதான் வரும். அந்த 25 சொட்டை இந்தச் செட்டில் விட்டால் மணிக்கு 75 மி.லி.தான் இறங்கும், பை காலியாக 4 மணி நேரம் ஆகும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த ரத்தத்தை 4 மணி நேரத்துக்குள் ஏற்றி முடித்தாக வேண்டும், தாண்டினால் கிருமி பெருகும் ஆபத்து உண்டு. ரத்த வங்கியிலிருந்து பை வந்து சேர்ந்த நேரமும் அதற்குள் அடங்கும் என்பதால், 25 சொட்டில் விட்டால் கெடு நிச்சயம் தாண்டிவிடும்.

முதல் 15 நிமிடத்தைச் சேர்த்தே ஆக வேண்டும். நிமிடத்துக்கு 2 மி.லி. வரை என்று சில கையேடுகளில் பார்த்திருப்பீர்கள். இந்த நோயாளிக்கு அது 40 சொட்டு. சராசரி வேகத்தைவிட அதிகம், மெதுவாக விட்டதாகவே ஆகாது. 1 மி.லி., அதாவது 20 சொட்டு, போதும். 15 நிமிடத்தில் 15 மி.லி. போயிருக்கும். மீதி 285 மி.லி.யை 165 நிமிடத்தில் முடிக்க, 285 × 20 ÷ 165, ஏறத்தாழ 35 சொட்டு. ரத்தப் பிரிவு மாறிப்போயிருந்தால் அதன் ஆபத்து பெரும்பாலும் இந்தத் தொடக்க நிமிடங்களிலேயே தெரியும். ஆகவே கட்டிலை விட்டு நகராதீர்கள். குளிர் நடுக்கம், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத்திணறல் என எது தெரிந்தாலும் உடனே கிளாம்பை (குழாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் பிடி) மூடிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

குழந்தைகளுக்கு எடையே அடிப்படை. எடை × உயர வேண்டிய ஹீமோகுளோபின் × 4 என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. 12 கிலோ குழந்தைக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 3 கிராம் உயர வேண்டுமானால் 144 மி.லி. கிலோவுக்கு 12 மி.லி. ஆகிறது, வழக்கமான 10 முதல் 15க்குள் இருக்கிறது. மணிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. என்றால் 60 மி.லி., 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 20 சொட்டு. கடும் ரத்தசோகையில் இதயம் தாங்காது என்பதால் டாக்டர் இன்னும் குறைத்து எழுதலாம். உங்கள் கணக்கு அவர் எழுதியதைச் சரிபார்க்கத்தான். பொருந்தாவிட்டால் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

சொட்டை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினாலே வேகம் மாறும், அதனால் இடையிடையே மீண்டும் எண்ண வேண்டும். பின்தங்கியிருந்தால் கிளாம்பை வேகமாகத் திறந்து ஈடுகட்டாதீர்கள். மீதமுள்ள அளவையும் நேரத்தையும் வைத்துப் புதிதாகக் கணக்கிட்டு, பொறுப்புச் செவிலியரிடம் காட்டிய பிறகே மாற்றுங்கள்.