டப்பாவில் வந்த கொசுவை அடிக்கலாமா?

கேள்வி: செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். போன மாதம் சுகாதாரத் துறை ஆள்கள் வந்து, மாடிப்படி ஓரங்களில் பிளாஸ்டிக் டப்பாக்களை வைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து வருவது 'நல்ல கொசு', அடிக்கக் கூடாது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மரபணு மாற்றிய கொசு என்கிறார் என் கணவர். அவருக்கு 2019-இல் டிங்கி வந்து ஆறு நாள் வார்டில் கிடந்தார். எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மகளுக்கு ஏழு வயது. மாமியார் பயந்துபோய் ஒரு டப்பாவில் குளோரோக்ஸ் (துணி வெளுக்கும் திரவம்) ஊற்றிவிட்டார். கொசுவை அடிக்கலாமா, கூடாதா? டிங்கிக்குத் தடுப்பூசி இருக்கிறதாமே, இனி அது தேவையா?
– ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: அடியுங்கள், சகோதரி. கையில் உட்கார்ந்திருக்கும் கொசு எந்த வகை என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடத்தில் அதை நசுக்கிச் சோதித்தால்தான் தெரியும். நீங்கள் பத்துக் கொசுவை அடிப்பதால், டிங்கியைக் குறைக்க இந்தக் கொசுக்களை விடும் திட்டம் கெட்டுப்போகாது. அவற்றின் முட்டைகள் இருக்கும் டப்பாவை மட்டும் தொடாதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 2010 டிசம்பரில் பகாங், பெந்தோங் அருகே ஆளில்லாத காட்டில் மரபணு மாற்றிய ஆண் கொசுக்கள் சுமார் 6,000 விடப்பட்டன. அப்போது கிளம்பிய பேச்சு இன்னும் ஓயவில்லை. உங்கள் மாடிப்படிக்கு வந்திருப்பது அதுவல்ல. இந்தக் கொசுவின் மரபணுவில் யாரும் கை வைக்கவில்லை. அதன் உயிரணுக்களுக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடியிருக்கிறது.

1924-இல் கண்டுபிடிக்கப்பட்ட பழைய பாக்டீரியா இது. பூச்சியினங்களில் ஏறக்குறைய பாதியில் இயற்கையாகவே உண்டு. இரவில் காதோரம் பாடும் கியூலெக்ஸ் கொசுவிலும், வாழைமரத்தடியில் கடிக்கும் ஏடிஸ் அல்போபிக்டஸிலும் இருக்கிறது. ஆக, பிறந்த நாள் முதல் உங்களை வோல்பாக்கியா கொசு கடித்துக்கொண்டுதான் இருக்கிறது! டிங்கியை அதிகம் பரப்பும் ஏடிஸ் ஏஜிப்தியிடம்தான் இது இல்லை. அதனால் அல்போபிக்டஸிடமிருந்து எடுத்து, மெல்லிய ஊசியால் ஏஜிப்தியின் முட்டைக்குள் செலுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடப்பது சீதனக் கதை. வோல்பாக்கியா தாய்வழிச் சொத்து. தாயிடம் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும். தகப்பன் தர முடியாது. ஆனால் தகப்பன் வேறொரு வேலை செய்வான்: பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் அந்த முட்டைகள் பொரிக்காது. எனவே பாக்டீரியா இல்லாத பெண்களின் வம்சம் தேய்கிறது, உள்ளவர்களின் வம்சம் தழைக்கிறது. சில மாதங்களில் வட்டாரத்து ஏஜிப்தி கொசுக்களில் பெரும்பாலானவை வோல்பாக்கியா கொசுக்களாகிவிடும். கடிக்கத்தான் கடிக்கும், ஆனால் அதன் உடலுக்குள் டிங்கி வைரஸ் எளிதில் பெருகாது. சிங்கப்பூரில் ஆண் கொசுக்களை மட்டுமே விட்டு எண்ணிக்கையைக் குறைக்கப் பார்க்கிறார்கள். மலேசியாவில் நாம் ஆண், பெண் இரண்டையும் விடுகிறோம்; கடிப்பது பெண்தான். டப்பா வந்த நாளிலிருந்து கடி கூடியது போல உங்களுக்குத் தோன்றினால் அது பிரமை அல்ல.

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வெயில் விவகாரம். ஆஸ்திரேலியாவிலும் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவிலும் பழ ஈயிலிருந்து எடுத்த வோல்பாக்கியா வகையைப் பயன்படுத்தினார்கள். யோக்யகர்த்தாவில் டிங்கி 77 விழுக்காடு குறைந்ததாக 2021-இல் முடிவு வெளியானது. ஆனால் அந்த வகைக்குச் சூடு ஆகாது. கொசுப்புழு வளரும் தண்ணீர் 36, 37 பாகைக்குப் போனால் பாக்டீரியா வெகுவாகக் குறைந்துவிடும். நம் ஊரில் நடுப்பகல் வெயிலில் கிடக்கும் பெயிண்ட் டின்னை நினைத்துப் பாருங்கள். அதனால்தான் 1900-ஆம் ஆண்டு தொடங்கிய நம் மருத்துவ ஆய்வுக் கழகம், சூட்டைத் தாங்கும் அல்போபிக்டஸ் வகையைத் தேர்ந்தெடுத்தது. உள்ளூர்க் கொசுவோடு கலந்து வளர்த்ததால் அது நம் புகைமருந்தையும் உள்ளூர்க் கொசு அளவுக்குத் தாங்கும். 2017 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கின் சில குடியிருப்புகளில் விட்டுப் பார்த்து, 2019-இல் வெளியிட்ட முடிவு: டிங்கி 40 விழுக்காடு குறைவு.

நாட்டில் 130,101 பேருக்கு டிங்கி வந்து 182 பேர் இறந்த ஆண்டு அது. 40 விழுக்காடு சின்னக் கணக்கல்ல. ஆனால் நூற்றில் அறுபது மிச்சம் இருக்கிறது. 'நல்ல கொசு' என்ற பெயரே எனக்குப் பிடிப்பதில்லை. அதைக் கேட்டதும் பூச்சட்டித் தட்டைக் கவிழ்க்கும் பழக்கம் போய்விடுகிறது. சாமி மேடைச் சொம்பு, துளசிச் சட்டி, ஃபிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். வீட்டில் புழு அகப்பட்டால் 500 வெள்ளி (ரிங்கிட்) வரை கம்பவுண்ட், அதாவது அபராதம், வரலாம். அது நல்ல கொசுவின் புழு என்று வாதாடிப் பயனில்லை.

வயிற்றுப் பிள்ளைக்கு? இந்த பாக்டீரியா பூச்சியின் உயிரணுவுக்கு வெளியே பெருகாது. வோல்பாக்கியா கொசுக்களிடம் திரும்பத் திரும்பக் கடிபட்ட தன்னார்வலர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது, அது உடலில் புகுந்ததற்கான எதிர்ப்புப் பொருள் எதுவும் இல்லை. கர்ப்பிணி பயப்பட வேண்டியது டிங்கிக்குத்தான். காலையிலும் சாயங்காலமும் கொசு விரட்டி பூசுங்கள். டீட் (DEET) என்ற விரட்டி மருந்து கலந்ததை அட்டையில் சொன்னபடி கர்ப்பிணிகள் பயன்படுத்தலாம். காய்ச்சல் கண்டால் அன்றே கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) போங்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் டிங்கி மோசமாகும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் இரத்தம் வந்தால் நேரே மருத்துவமனை.

தடுப்பூசிக்கு வருவோம். மலேசியாவில் 2024-இல் நிபந்தனையோடு அனுமதி பெற்றது கியூடெங்கா. நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்தது. ஆகவே உங்களுக்கு இப்போது கூடாது, தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் கூடாது. கணவர்தான் முதலில் யோசிக்க வேண்டியவர். டிங்கி வைரஸ் நான்கு வகை. ஒன்று வந்து போனவருக்கு வேறு வகை இரண்டாவதாக வந்தால் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். மகளுக்கும் போடலாம். ஆனால் டிங்கியே வராதவர்களுக்கு மூன்றாம், நான்காம் வகைக்கு எதிராக இந்த ஊசி எவ்வளவு காக்கும் என்பதற்குச் சான்று போதவில்லை. அதை மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பிலிப்பீன்ஸில் டெங்வாக்சியா என்ற முந்தைய ஊசியை எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போட்ட பிறகு, டிங்கி வராதவர்களுக்கு அது ஆபத்தைக் கூட்டலாம் என்று 2017-இல் தெரியவந்தது. கியூடெங்கா வேறு ஊசி. இருந்தாலும் அந்தப் பாடத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஊசிக்குக் கையை நீட்டக் கூடாது.

மாமியாரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த டப்பாவில் இருந்த முட்டைகள் போயிருக்கும். அடுத்த முறை ஆள்கள் வரும்போது எந்த டப்பா என்று காட்டிவிடுங்கள், மாற்றி வைப்பார்கள். குளோரோக்ஸ் மிச்சம் இருந்தால் குளியலறைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.