பனிக்காலத்தில் வாசலில் நிற்கும் ஆர்.வி.: கேள்வி பதில்

கனடாவின் ஒன்டாரியோவில் அக்டோபர் முடிவதற்குள் பெரும்பாலான ஆர்.வி. முகாம்களைப் பூட்டிவிடுவார்கள். அப்புறம் மே மாதம் வரை ஆர்.வி. டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் சக்கர வீடு, நம் வீட்டு வாசலில் பனியைச் சுமந்துகொண்டு நிற்கும். அந்த மாதங்களில் கையாலேயே என்னென்ன செய்துகொள்ளலாம் என்று வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். புரொபேன் குழாய் வேலை மட்டும் கேட்க வேண்டாம். அதற்கு உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி (பிராம்ப்டன்): அண்ணா, பத்து வருடப் பழைய டிரெய்லர் ஒன்று வாங்கியிருக்கிறோம். தரையை மாற்றி, அலமாரிகளுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும் என்பது மனைவியின் ஆசை. எதில் தொடங்கலாம்?

பதில்: கூரையில். ஆசையைக் கெடுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். பழைய டிரெய்லரைத் தின்பது தண்ணீர்தான். தரைக்குக் காசு போட்டபிறகு கூரை ஒழுகினால், போட்ட தரையை நீங்களே பிய்த்து எடுக்க வேண்டியிருக்கும்.

பனி இல்லாத ஒரு நாள் பார்த்து ஏணி வைத்து ஏறுங்கள். வென்ட் (காற்றுத் துளை), ஸ்கைலைட், ஏணியின் கால்கள், நான்கு மூலைகள் என்று எங்கெல்லாம் துளை போட்டிருக்கிறார்களோ, அங்கெல்லாம் பூசியிருக்கும் சீலன்ட் வெடித்திருக்கிறதா, ஓரம் தூக்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உள்ளே வந்து வெறுங்காலோடு நடங்கள். கதவோரம், கழிப்பறையைச் சுற்றி, மூலைகள் எங்கேயாவது கால் மெத்தென்று அமுங்கினால் அங்கே மரம் ஊறியிருக்கிறது. சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மேல் அலமாரிகளுக்குள் தலையை விட்டு மூலைகளை மோந்து பாருங்கள். பூஞ்சை வாடை பொய் சொல்லாது.

ரப்பர் கூரைக்கு டைகார் போன்ற, தானாகப் பரவும் லாப் சீலன்ட்தான் போட வேண்டும். வீட்டுக் குளியலறைக்கு வாங்கிய சிலிக்கானைப் பூசிவிடாதீர்கள். பின்னால் அதன்மேல் வேறு எதுவும் ஒட்டாது, சுரண்டி எடுக்கவே ஒரு நாள் போகும். கடுங்குளிரில் லாப் சீலன்ட் பரவாது, அதனால் பூசும் வேலையை வசந்தத்துக்கு வையுங்கள். இப்போது கண்டுபிடித்துக் குறித்து வைத்தால் போதும்.

ஒழுகல் இல்லை என்று உறுதியானால், அலமாரிக் கதவுகளைக் கழற்றி பேஸ்மென்டுக்குக் கொண்டுபோய் விடுங்கள். குளிர்ந்த டிரெய்லருக்குள் பெயின்ட் காயாது. ஒவ்வொரு கதவின் பின்னாலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி, அதன் கீல், திருகாணியை ஒரு சிறு பையில் போட்டு அதே கதவில் ஒட்டிவிடுங்கள். எல்லாக் கதவும் ஒரே அளவு மாதிரித்தான் இருக்கும், மாட்டும்போதுதான் அரை அங்குலம் இடிக்கும். இந்தக் கதவுகள் பலவற்றில் மரத்துக்கு மேல் வழுவழுப்பான தாள் ஒட்டியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை நன்றாகக் கழுவி, லேசாக மட்டும் உப்புத்தாள் போட்டு, பிடிமானம் தரும் பாண்டிங் பிரைமர் ஒரு பூச்சு அடித்தபிறகே பெயின்ட். அழுத்தித் தேய்த்தால் தாள் கிழிந்துவிடும்.

அவரே மீண்டும்: தரைக்கு கிளிக் வினைல் பலகை போடலாமா?

பதில்: ஸ்லைட்-அவுட், அதாவது நிறுத்தியதும் வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் பகுதி இருந்தால் யோசியுங்கள். ஸ்லைட் உள்ளே வரும்போது தரைக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து பாருங்கள். பலகையின் தடிமன் அதைவிட அதிகமானால், முதல் முறை உள்ளே இழுக்கும்போதே கீறிக்கொண்டு வரும். இன்னொன்று, சூடேற்றாத வண்டி ஜனவரியில் மைனஸ் இருபதிலும் ஜூலையில் முப்பத்தைந்திலும் நிற்கிறது. பலகைகள் சுருங்கி விரிந்து இணைப்பு விட்டுப்போகும். ஒரே துண்டாக விரிக்கும் வினைல் ஷீட்தான் என் விருப்பம். எடையும் குறைவு. கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்று போட்டிருக்கும். நீங்கள் சேர்க்கும் தரை, மேசை எல்லாம் அதிலிருந்துதான் கழியும்.

கேள்வி (ஸ்கார்பரோ): ஈய பேட்டரியை எடுத்துவிட்டு அதே இடத்தில் லித்தியம் வைத்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இடத்தில் பொருந்தும், அவ்வளவுதான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, செல்கள் உள்ளேயே கெட்டுவிடும். நல்ல பேட்டரியில் இருக்கும் பி.எம்.எஸ். என்ற காவல் சுற்று அதைத் தடுக்கும், மலிவானதை நம்ப முடியாது. எப்படியும் குளிர்காலத்தில் கழற்றி, பாதி சார்ஜில் வீட்டுக்குள் வைத்துவிடுங்கள்.

அடுத்து கன்வெர்ட்டர், அதாவது பிளக்கில் வரும் மின்சாரத்தை மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. பழைய கன்வெர்ட்டர்கள் பல 13.6 வோல்ட்டில் நின்றுவிடும், லித்தியம் நிறைவதற்குச் சுமார் 14.4 வேண்டும். அதனால் லித்தியம் முறை உள்ள கன்வெர்ட்டராக மாற்றுங்கள். இழுக்கும் வண்டியிலிருந்து சார்ஜ் ஏற்றுவதானால் நடுவில் மின்சாரத்தை அளவோடு விடும் ஒரு டி.சி.-டி.சி. சார்ஜர் வையுங்கள். இல்லாவிட்டால் லித்தியம் அள்ளி இழுக்கும் மின்சாரத்தில், வண்டி எஞ்சினில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் சூடேறும்.

கேள்வி (அதே ஊர், இன்னொருவர்): அந்தப் பேட்டரியில் ரைஸ் குக்கர் ஓடுமா?

பதில்: ஓடும். 700 வாட் குக்கர் என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 60 ஆம்ப், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். அரை மணி நேரத்துக்கு 30 ஆம்ப்-அவருக்கு மேல் போய்விடும். 100 ஆம்ப்-அவர் லித்தியத்தில் தாராளமாக முடியும். அதே அளவு ஈய பேட்டரியில் பாதிதான் பயன்படுத்தலாம் என்பதால் சோறு வெந்தபிறகு இரவு விளக்குக்கும் ஹீட்டர் விசிறிக்கும் திண்டாட வேண்டும்.

கேள்வி (மார்க்கம்): தம்பி, வீட்டில் டிரெய்லருக்கு 30 ஆம்ப் பிளக் போட எலக்ட்ரீஷியன் வருகிறார். நான் என்ன சொல்ல வேண்டும்?

பதில்: ஐயா, நல்லவேளை முன்னாலேயே கேட்டீர்கள். "120 வோல்ட், டி.டி.-30" என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். டி.டி.-30 என்பது ஆர்.வி.க்கான பிளக் வகையின் பெயர். இங்கே வீட்டில் 30 ஆம்ப் என்றாலே துணி உலர்த்தும் இயந்திரத்தின் 240 வோல்ட் பிளக்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆர்.வி.யின் 30 ஆம்ப் பிளக் 120 வோல்ட் மட்டும். தவறி 240 கொடுத்தால் மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், டிவி எல்லாம் ஒரு நொடியில் போகும். ஊரில் 230 வோல்ட்டிலேயே வளர்ந்த நமக்கு அந்த எண்ணைப் பார்த்தால் சந்தேகமும் வராது.

சிங்கிள் போல் 30 ஆம்ப் பிரேக்கர், 10 கேஜ் செப்புக் கம்பி. வேலை முடிந்ததும் டிரெய்லரைச் செருகுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து 120 வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். ஒன்டாரியோவில் இந்த வேலையை மின் பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.வுக்குத் தெரிவித்தே செய்ய வேண்டும்.

கேள்வி (ஏஜக்ஸ்): டிரெய்லர் குழாய்களில் இருக்கும் தண்ணீரை வடிக்க மறந்துவிட்டேன். இப்போது மைனஸ் 12. இனி என்ன செய்வது?

பதில்: பம்பைப் போடாதீர்கள். பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் குழாய் ஓரளவு தாங்கும். உடைவது இணைப்புகள், பம்பின் வடிகட்டி, கழிப்பறை வால்வு, வெளி ஷவரின் குழாய் இவைதான். வெயில் வந்து உருகியதும் திறக்க முடிந்ததையெல்லாம் திறந்து வடியுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, கம்ப்ரஸரால் 30 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றிக் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். உஸ்ஸென்று சத்தம் வரும் இடத்தில் விரிசல். தண்ணீர் விட்டுச் சோதித்தால் அதே விரிசல் தரையையும் நனைத்துவிடும்.

கேள்வி (டெட்ராய்ட் பக்கம்): எலி.

பதில்: சின்ன எலிக்கு விரல் நுனி நுழையும் துளை போதும். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, உள்ளே ஒருவரை டார்ச் அடிக்கச் சொல்லுங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் எலியின் வாசல். செப்பு வலையைத் திணித்து சீலன்ட் பூசுங்கள். ஸ்டீல் வுல் துருப்பிடித்து உதிர்ந்துவிடும்.

கேள்வி (மில்டன்): அண்ணா, உள்ளே தாளித்தால் மெத்தை, திரை எல்லாம் ஒரு வாரத்துக்குக் கருவேப்பிலை வாசனை. அடுப்புக்கு மேல் விசிறி இருந்தும் பயனில்லை.

பதில்: தங்கச்சி, முதலில் வெளியே போய் அந்த விசிறியின் மூடியைப் பாருங்கள். பல டிரெய்லர்களில் வெளிச்சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும், ஓட்டும்போது படபடக்காமல் இருக்க இரண்டு பக்கமும் கொக்கி போட்டிருப்பார்கள். அதைத் திருப்பிவிடாமல் விசிறியைப் போட்டால் காற்று போக வழியே இல்லை. வெளித் தகடே இல்லாத வண்டியானால் அந்த விசிறி புகையை வடிகட்டி உள்ளேயே திருப்பி விடுகிறது. அப்போது கூரை வென்ட்டை மாற்றுங்கள். பெரும்பாலான வென்ட் துளைகள் 14 அங்குலச் சதுரம், மேக்ஸ்ஏர் போன்ற விசிறிகள் அதில் அப்படியே உட்காரும். வென்ட்டுக்கு 12 வோல்ட் ஒயர் ஏற்கெனவே வந்திருந்தால் அரை நாள் வேலை. மீன் பொரிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு எந்த விசிறியும் போதாது.

கேள்வி (விட்பி): டயரில் பூ (தரையைப் பிடிக்கும் வரிப்பள்ளம்) நன்றாக இருக்கிறது. இன்னும் ஓட்டலாமா?

பதில்: டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்னால் வயதாகிச் சாகும். பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டியிருந்தால், பூ எப்படி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அந்த எண் சில நேரம் உள்பக்கம் திரும்பியிருக்கும், குனிந்து பாருங்கள்.