டிரம் கோர் போட்டிகளில் நடுவர்கள் போடும் மதிப்பெண் நியாயமானதா? ஒரு ரசிகராக உங்கள் கருத்து என்ன?

யூடியூபில் டிசிஐ (டிரம் கோர் இண்டர்நேஷனல், இந்தப் போட்டிகளை நடத்தும் அமைப்பு) போட்டி வீடியோ பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "எல்லாருக்கும் 95, 97 என்று வாரிக் கொடுக்கிறார்கள், கடைசியில் கோப்பை 0.1 வித்தியாசத்தில் போகிறது, இதற்குப் பெயர் தீர்ப்பா?" என்பது உங்கள் கேள்வியின் சாரம்.

என் பதில்: யார் முன்னால், யார் பின்னால் என்பதில் நடுவர்களை முக்கால்வாசி நம்புவேன். அந்த எண்களை நம்ப மாட்டேன்.

நான் வாசிப்பவன் இல்லை, வெறும் ரசிகன். இண்டியானாவில் வேலை பார்த்த வருஷங்களில் ஆகஸ்ட் வந்தால் இண்டியானாபோலிஸ் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குப் போய்விடுவேன். 2009 முதல் இறுதிப் போட்டி அங்கேதான். அதனால் இதை மேல்வரிசை நாற்காலியிலிருந்து சொல்லும் அபிப்பிராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டிரம் கோர் என்றதும் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டை நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கால்பந்து மைதானம் முழுக்க 150 பேருக்கு மேல், பத்துப் பன்னிரண்டு நிமிஷம், நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் வாசிக்கிறார்கள். ஊதுகருவி என்றால் பித்தளை மட்டும்தான். கிளாரினெட், சாக்ஸபோன் வகையறாவுக்கு இடமில்லை. அப்புறம் மேளங்கள், கொடியும் மரத் துப்பாக்கியும் சுழற்றி வீசும் கலர் கார்டு. 22 வயது ஆனால் வெளியே. கோடை முழுக்க ராத்திரி பஸ்ஸில் ஊர் மாறி, பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து எழுந்து, பகலெல்லாம் வெயிலில் பயிற்சி. இதற்குச் சம்பளம் கிடையாது, பல ஆயிரம் டாலர் கட்டிச் சேர்கிறார்கள்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். மொத்தம் 100. அதில் 40 'ஜெனரல் எஃபெக்ட்', அதாவது நிகழ்ச்சி பார்ப்பவரை என்ன செய்தது என்பதற்கு. 30 காட்சிக்கு, 30 இசைக்கு. காட்சியில் மூன்று பிரிவு, இசையில் மூன்று பிரிவு. ஒவ்வொன்றும் 20க்குப் போட்டு, கூட்டி, பாதியாக்குவார்கள். ஒவ்வொரு நடுவர் தாளிலும் இரண்டு பாதி உண்டு: என்ன கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள், அதை எப்படிச் செய்தார்கள். நடுவர் வாசிப்பு நடக்க நடக்க ரெக்கார்டரில் பேசிக்கொண்டே இருப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பதிவு பயிற்சியாளர் கைக்குப் போகும். சிலர் மேலே பெட்டியில் உட்கார்ந்திருப்பார்கள், சிலர் மைதானத்துக்குள்ளேயே நடப்பார்கள். மேளத்துக்கான நடுவர் ஸ்நேர் என்ற சின்ன மேளங்களின் வரிசைக்கு நாலடி முன்னால் பின்பக்கமாகவே நடப்பதை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். வலதுபுறம் டிரம்பெட் கூட்டம் ஓடி வரும், இடதுபுறம் கொடி சுழலும், மனிதர் நடுவில் புகுந்து புறப்பட்டுக்கொண்டே "மூன்றாவது ஆளின் இடது கை" என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்த வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் கும்பிடு போட்டுவிடுவேன்.

2008 இறுதிப் போட்டியில் பாண்டம் ரெஜிமெண்ட் என்ற குழுவுக்கு 98.125, ப்ளூ டெவில்ஸ் என்ற குழுவுக்கு 98.100. வித்தியாசம் 0.025. இதற்கு என்ன அர்த்தம்? ஒரு ட்ரம்பெட் தப்பாக ஊதியதா? ஒரு கொடி தாமதமாக ஏறியதா? ஒன்றும் இல்லை. பல பேர் தனித்தனியாகப் போட்டதைக் கூட்டி, சராசரி எடுத்து, பாதியாக்கும்போது உதிரும் துகள் அது. அன்றைக்கு ஒரே ஒரு நடுவர் ஒரு பிரிவில் நூலிழை குறைத்திருந்தால் வரலாறு வேறு. ஆனாலும் பாண்டம் ஜெயித்தது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. அவர்கள் அன்று போட்ட 'ஸ்பார்டகஸ்' நிகழ்ச்சியின் வீடியோவில் கடைசி இரண்டு நிமிஷம் கூட்டத்தின் சத்தத்தைக் கேளுங்கள். 40 மதிப்பெண் எதற்கு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று புரியும்.

முன்பு இப்படி இல்லை. 1983 வரை 'டிக்' முறை. நடுவர் கண்ணில் ஒரு தவறு பட்டால் ஒரு கோடு, 0.1 போச்சு. "அதுதான் சுத்தமான தீர்ப்பு, இப்போது எல்லாம் அவரவர் ரசனை" என்று பெருமூச்சு விடும் பழைய ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் கொஞ்ச காலம் அந்தக் கட்சியில் இருந்தேன்.

மாறியது ஒரு ஜூலை ராத்திரி, ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். எந்தக் குழு என்பது வேண்டாம். கலர் கார்டில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் துப்பாக்கியை மேலே எறிந்தார்கள். ஏழு பேர் பிடித்தார்கள். எட்டாவது பெண்ணின் விரல் நுனியில் பட்டுக் கீழே விழுந்து ஒரு குதி குதித்தது. எனக்கு நெஞ்சு ஒரு நொடி நின்றுவிட்டது. அந்தப் பெண் கீழே பார்க்கவே இல்லை. கையில் துப்பாக்கி இருப்பது போலவே நாலு எண்ணிக்கை வெறுங்கையால் செய்தாள். பிறகு சுழலும்போது முழங்காலை மடக்கி, போகிற போக்கில் அதை அள்ளிக்கொண்டு வரிசையில் சேர்ந்தாள். அந்த நேரத்தில் நடுவர் வேறு பக்கம் திரும்பியிருந்தார். அன்றைக்குக் கார்டு பிரிவில் முதலிடம் அந்தக் குழுவுக்கு. வீடு திரும்பும் வழியெல்லாம் "பார்த்தீர்களா, கீழே போட்டவர்களுக்கு முதல் பரிசு" என்று நண்பரிடம் பொருமிக்கொண்டே வந்தேன். அவர் கேட்டார்: "மத்த குழுக்கள் எதுவும் அவ்வளவு உயரம் எறியவே இல்லையே, கவனிச்சியா?"

டிக் முறையின் வியாதி அதுதான். எறியாதவன் கையிலிருந்து எதுவும் விழாது. தவறை மட்டும் எண்ணினால் எல்லாரும் பத்திரமான நிகழ்ச்சியே போடுவார்கள். 1984இல் அதைக் கைவிட்டது இந்தக் கலைக்கு நடந்த நல்ல காரியம்.

அப்படியானால் எனக்குக் குறையே இல்லையா? இருக்கிறது. ஜூன் கடைசியில் பெரிய குழுக்களுக்கு 70களில் தொடங்கும் மதிப்பெண் ஆகஸ்டில் 98க்கு ஏறும். நிகழ்ச்சி மெருகேறுவது நிஜம்தான். ஆனால் ஜூலை நடுவிலேயே யார் எந்தப் படியில் என்று ஒரு வரிசை உறைந்துவிடுகிறது. இறுதி வாரத்தில் வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் நடுவர்கள் மாறலாம். முந்தைய ராத்திரி பட்டியலை அவர்களும் பார்த்திருப்பார்கள்தானே. ஆறாவது இடத்துக் குழு ஒரு ராத்திரி உயிரைக் கொடுத்து வாசித்தாலும் ஐந்தாவது ஆகலாம், இரண்டாவது ஆகாது. சதி என்று சொல்ல மாட்டேன். மனித மூளை அப்படித்தான் எடை போடும். சுவை பார்க்கும் முன்பே கடையின் பெயர் நாக்கில் வந்துவிடுகிறது.

இன்னொன்று ஒலிபெருக்கி. 2004இல் மைக் வந்தது, 2009இல் சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி. இப்போது பல குழுக்கள் அடியில் ஒரு மின்னணு உறுமலை ஓடவிடுகின்றன; ரசிகர்கள் அதைப் பிசுபிசுப்பு என்று கேலி செய்வார்கள். நெஞ்சு அதிர்கிறது, சரி. அது எழுபது எண்பது பேர் ஊதிய அதிர்வா, ஸ்பீக்கர் கொடுத்த அதிர்வா? மூடிய கூரைக்குக் கீழே, எதிரொலிக்கு நடுவே, மேல் பெட்டியில் இருக்கும் நடுவர் அதை எப்படிப் பிரிக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

ப்ளூ டெவில்ஸ் மேல் பலருக்கு இருக்கும் கோபத்தில் எனக்குப் பங்கில்லை. 2014இல் 99.650 வாங்கினார்கள், டிசிஐ சரித்திரத்திலேயே அதிகம். "ஈரமே இல்லாத நிகழ்ச்சி" என்று திட்டினார்கள். முதல் தடவை எனக்கும் ஒட்டவில்லை. மூன்றாவது தடவை உயரக் கேமரா பதிவில் பார்த்தபோதுதான், மைதானத்தில் ஒரே நேரத்தில் எத்தனை விஷயம் நடக்கிறது, எதுவும் ஒன்றையொன்று இடிக்கவில்லை என்பது தெரிந்தது. 2016இல் ப்ளூகோட்ஸ் குழு சறுக்கு மேடைகளை வைத்து, தலையில் தொப்பி கூட இல்லாமல் வந்து கலக்கியது என் ரசனைக்கு இன்னும் பக்கம். அது வேறு.

கூட்டம் மட்டும் எப்போதும் சரியா என்றால், 1993ஐப் பாருங்கள். ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு, பார்பர், பார்டோக் என்ற இசையமைப்பாளர்களின் இசையை எடுத்துக்கொண்டு, கறாராக, சிரிப்பே இல்லாமல் ஒரு நிகழ்ச்சி போட்டது. பல ஊர்களில் கூச்சல் போட்டு அவமானப்படுத்தினார்கள். இறுதியில் கேடட்ஸ் குழுவுக்கு 97.4, ஸ்டாருக்கு 97.3. அதோடு ஸ்டார் போட்டியை விட்டே போய்விட்டது. அதன் வழிவந்த 'ப்ளாஸ்ட்!' என்ற மேடை நிகழ்ச்சி 2001இல் பிராட்வேயில் டோனி விருது வாங்கியது. அன்றைக்குக் கத்தியவர்களைவிட நடுவர்களுக்குத்தான் காது நன்றாக வேலை செய்திருக்கிறது.

ஒரு இறுதிப் போட்டியில் என் பக்கத்து நாற்காலியில் எழுபது வயது தாண்டிய ஒருவர். 93இல் தானும் கத்தியதாகச் சொன்னார். "இப்போது என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "இப்போதும் பிடிக்கவில்லை" என்றார். கொஞ்ச நேரம் பாப்கார்னைக் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அடுத்த குழு உள்ளே வந்துவிட்டதால் ஏன் என்று கேட்க முடியவில்லை.